பூச்சி மாத்திரையும் பிள்ளையின் நாக்கும்

மன்னார்குடி,
ஆவணி 5.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் சென்ற வாரமே வந்துவிட்டது. சம்பா நாற்றங்காலுக்கு ஆள் கிடைக்காமல் மகனோடு நானும் வரப்பில் நிற்க வேண்டியதாகிவிட்டதால் பதில் தாமதமாகிறது. "வயிற்றுப் பூச்சிக்குப் பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்தால் பிள்ளைக்கு ஆயிற்று, இதற்குத் தனியாக ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்டிருந்தாய். முப்பது ஆண்டுகள் மாத்திரை எண்ணிக் கொடுத்த மருந்தாளுநனிடம் இதைக் கேட்டுவிட்டு ஒரு வரிப் பதிலை எதிர்பார்க்காதே.

வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவ முகாமில், வாயைத் திறக்க மறுத்த இரண்டு வயதுப் பையனின் மூக்கைப் பிடித்து, நசுக்கிய மாத்திரையை நானே பாலாடையால் ஊற்றினேன். சங்கில் விளக்கெண்ணெய் ஊற்றி வளர்ந்த ஊர்தானே, யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. மருந்து மூச்சுக்குழலுக்குள் போய்ப் பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. அவனைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டி, அவன் வீறிட்டு அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அழுகிற பிள்ளைக்கு வற்புறுத்தி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று இன்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். எனக்கு அதை அந்தப் பையன்தான் கற்றுக்கொடுத்தான்.

நம் நாட்டில் 2015 முதல் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. 1 முதல் 2 வயதுக்கு ஆல்பெண்டசோல் என்ற புழு மருந்தில் பாதி மாத்திரை, அதாவது 200 மி.கி.; அதற்கு மேல் 19 வயது வரை முழுதாக 400 மி.கி. மூன்று வயது நிரம்பாதவர்களுக்கு நசுக்கித் தண்ணீரில் கலந்து தர வேண்டும். எங்கள் தெரு அங்கன்வாடியில் இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். தூளில் கொஞ்சம் கரண்டியிலேயே ஒட்டிக்கொள்கிறது, கொஞ்சம் பிள்ளையின் முகவாயில் வழிகிறது. வயிற்றுக்குள் போனது எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? பிள்ளைகளுக்கென்றே மருந்து செய்து சோதிப்பதன் தேவை அந்த வழிசலில்தான் இருக்கிறது. 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 500 மி.கி. மெபெண்டசோல் என்ற வேறொரு புழு மாத்திரையைக் கரண்டியில் வைத்துச் சிறிது தண்ணீர் விட்டால் இரண்டு நிமிடத்தில் பால்கோவா போலக் குழைந்துவிடுமாம்.

இதைவிட என்னைக் கவர்ந்தது, ஆப்பிரிக்காவில் நத்தை வழியாகப் பரவும் இரத்தப் புழுவுக்கான மருந்து. நம் பக்கத்தில் அந்த நோய் இல்லை என்றாலும் கதை கேட்கத் தக்கது. மருந்தின் பெயர் பிராசிகுவாண்டல்; அதன் 600 மி.கி. மாத்திரை பெரியது, கடுங்கசப்பு. அதன் மூலக்கூறு இடக்கையும் வலக்கையும் போல இரு வடிவங்களில் கலந்திருக்கிறது. புழுவைக் கொல்வது ஒன்று, கசப்பில் பெரும்பங்கு மற்றதன் வேலை. எனவே கொல்லும் கையை மட்டும் பிரித்தெடுத்து, தண்ணீரில் கரையும் 150 மி.கி. மாத்திரையாக்கி, தான்சானியாவில் 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். அவர்கள் அதை வாயில் கொப்பளித்துத் துப்பிவிட்டு, முகப்படங்கள் வரைந்த அளவுகோலில் பிடித்ததா பிடிக்கவில்லையா என்று காட்டினார்கள். பிறகுதான் கென்யாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் மூன்று மாதக் குழந்தை முதல் ஆறு வயது வரை, பெரிய பிள்ளைகளில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி, உண்மையான சோதனை நடந்தது. 2023 இறுதியில் ஐரோப்பிய மருந்து முகமை சாதகமான கருத்தைத் தந்தது. நாக்கைத் தராசாக வைத்த அந்த முறை, கசப்பு அதிகமானால் மருந்து நல்லது என்று நம்பிய நம் பெரியவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும்.

புழு ஒழிந்ததா என்று பார்ப்பது அலுப்பான வேலை. 41.7 மி.கி. மலத்தை அச்சில் வழித்து, கண்ணாடியில் பரப்பி, உருப்பெருக்கியில் முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு வரும். மருந்து கொடுத்துச் சில வாரம் கழித்து அதே பிள்ளையிடம் மறுபடியும் வாங்க வேண்டும். முதல் டப்பாவைத் தருகிற தாயிடம் இரண்டாவதை வாங்குவது என்ன பாடு என்பது இந்தத் துறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும். அப்படி எண்ணித்தான் குடலில் வாழும் சாட்டைப்புழுவிடம் ஆல்பெண்டசோல் தோற்பது தெரிந்தது. எத்தியோப்பியா, கென்யா, மொசாம்பிக் நாடுகளில் நடந்த சோதனையில் அது மட்டும் கொடுத்தபோது குணமானவர்கள் சுமார் 36 விழுக்காடு; ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழு மருந்தைச் சேர்த்த மாம்பழச் சுவை மாத்திரை ஒருவேளைக்கே சுமார் 83 விழுக்காடு. ஆனால் சோதனையில் சேர்ந்தவர்கள் 5 முதல் 18 வயதினர். எப்போதும் போல, கடைசியாக முறை வருவது மண்ணில் தவழ்கிறவனுக்குத்தான்.

நம் பேத்திக்கு மூன்றரை வயது. இம்முறை மாத்திரையைச் சமர்த்தாக மென்று விழுங்கியதாக மருமகள் பெருமையாகச் சொன்னாள். மாலையில் திண்ணையைப் பெருக்கும்போது தூண் ஓரத்தில் பாதித் துண்டு கிடந்தது. அதில் எறும்பு மொய்த்திருந்தது. அதற்கு ஈடாக வேறொரு பாதி மாத்திரையை மறுநாள் நானே எடுத்துப்போய், தேனில் குழைத்துக் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கடி வரை பார்த்தேன்.

தைக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது உன் வீட்டுச் சுண்டை வற்றல் ஒரு பொட்டலம் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்