பால் வற்றிய மாட்டுக்கும் ஒரு விசிறி

தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஐந்து மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவன் எழுதுகிறேன்.

கிடேரி வாங்கப் போனால் தாய் எத்தனை லிட்டர் கறந்தது, எந்தக் காளையின் சினை ஊசி என்றெல்லாம் கேட்போம். அது வயிற்றில் இருந்தபோது தாயை எங்கே கட்டியிருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. என் வீட்டில் கறவைகளுக்கு ஓலைக் கொட்டகையும் விசிறியும். பால் வற்றிய சினை மாடு தகரத்துக்கு அடியில். கறக்காத மாட்டுக்கு எதற்குக் கரண்ட் செலவு என்ற கணக்குதான்.

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் இந்தக் கணக்கைச் சோதித்துவிட்டார்கள். ஹோல்ஸ்டீன் மாடுகளைச் சினையின் கடைசி வாரங்களில், பால் வற்றியிருக்கும்போது, இரண்டு பிரிவாகக் கட்டினார்கள். இரண்டுக்கும் நிழல் உண்டு. ஒன்றுக்கு மட்டும் விசிறியும் தண்ணீர்த் தெளிப்பும். பத்து ஆண்டுத் தரவு 2020-இல் வெளிவந்தது. வெக்கையில் நின்ற தாய்க்குப் பிறந்த கிடேரிகள் தலையீத்தில் நாளுக்கு 2.2 கிலோ, மூன்றாம் ஈத்தில் 6.5 கிலோ பால் குறைவாகத் தந்தன. பேத்திகளுக்கும் தலையீத்தில் 1.3 கிலோ குறைந்தது. இத்தனைக்கும் வெக்கை பட்டது சுமார் ஆறேழு வாரம்தான். இப்படிப்பட்ட கன்றுகள் எடை குறைந்து பிறக்கின்றன. சீம்பால் குடித்தாலும் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சத்தைச் சரியாக ஏற்பதில்லை.

காளை நல்ல காளைதான், மரபணுவும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அதன்மேல் ஒட்டும் மீத்தைல் போன்ற வேதி அடையாளங்கள் தீர்மானிக்கின்றன. எபிஜெனெடிக்ஸ் என்று சொல்வது இதைத்தான். தேனீ வளர்ப்பவரைக் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்வார்: ராணியாவதும் வேலைக்காரியாவதும் ஒரே மாதிரிப் புழு, ஊட்டும் தீனிதான் வேறு. வெக்கையில் நின்ற தாய்களின் கன்றுகளுக்கு ஈரலிலும், வளர்ந்த பசுக்களுக்கு மடியிலும் இந்த அடையாளங்கள் மாறியிருந்ததாக 2018-இல் புளோரிடாக்காரர்களே எழுதினார்கள்.

பேத்தி வரை எப்படிப் போகிறது? வயிற்றில் இருக்கும் கிடேரிக் கன்றின் சினைப்பையில் அதன் கருமுட்டைகள் அப்போதே உருவாகிவிடுகின்றன. ஆக, தகரத்துக்கு அடியில் நான் கட்டிய ஒரு மாட்டோடு மூன்று தலைமுறை சேர்ந்து வெந்திருக்கிறது.

அந்த ஹோல்ஸ்டீன் மாடுகள் நம் கலப்பின ஜெர்சியைவிட அதிகம் கறப்பவை. அதே கிலோக் கணக்கு இங்கே பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் வெயிலில், நம் மாட்டில், கால்நடைப் பல்கலைக்கழகத்தைக் கொண்டு அளந்து பாருங்கள் என்கிறேன். நம் நாட்டு மாடான காங்கேயத்தையும் சேர்த்து அளந்தால் இன்னும் நல்லது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் உண்டு. சினை பார்க்கும் டாக்டர், ஈனும் மாதத்தோடு பால் வற்றவிட வேண்டிய தேதியையும் எழுதிக் கொடுக்கட்டும். அது பங்குனி, சித்திரையில் விழுந்தால், 'நிழல் மட்டும் போதாது, தண்ணீர் தெளித்து விசிறி போடுங்கள்' என்று வாயால் சொல்லட்டும். கொட்டகை, விசிறிக்கு மானியம் கொடுக்கும்போது வற்றிய சினை மாட்டையும் கணக்கில் சேருங்கள். பெண் கன்றுக்கென்று தனிச் சினை ஊசிக்குச் செலவழிக்கிறோம். அப்படி உருவான கிடேரியை வயிற்றிலேயே வேகவிட்டால் அந்தச் செலவு எதற்கு?

என் மாடு ஒன்று பங்குனியில் வற்றும், வைகாசியில் ஈனும். அதற்கு விசிறியை மாட்டிவிட்டேன். கத்திரிக்கு முன்னால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால் உற்பத்தியாளர்