தானாகத் திரும்பும் கேமரா: ரீசெட் பொத்தானை அழுத்துமுன்

ஆசிரியருக்கு,

வீட்டிலோ கடையிலோ மாட்டிய கண்காணிப்பு கேமரா, யாரும் தொடாமலே தலையைத் திருப்பினால் பலருக்கும் முதலில் தோன்றுவது ‘ஹேக் செய்துவிட்டார்கள்’ என்பதுதான். உடனே பிளக்கைப் பிடுங்கி, ரீசெட் பொத்தானையும் அழுத்திவிடுகிறார்கள். அந்த ரீசெட்தான் கடைசியாகச் செய்யவேண்டியது. அதில் அமைப்புகள் எல்லாம் அழிந்துபோவதால், கேமரா ஏன் திரும்பியது என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விடும். மனசு கேட்கவில்லை என்றால் லென்ஸ் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, மின்சாரத்தை அப்படியே விடுங்கள். மைக் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

எப்படித் திரும்புகிறது என்பதைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை முழுதாகச் சுற்றி, மேலும் கீழும் ஒருமுறை போய் வந்து நின்றால், கேமரா அணைந்து மறுபடி ஆன் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். சிறிய வைஃபை கேமராக்களில் இருப்பது படிப்படியாக நகரும் ஸ்டெப்பர் மோட்டார். தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் சென்சார் பெரும்பாலும் அவற்றில் இருக்காது. அதனால் ஆன் ஆனதும் தடுப்பில் போய் முட்டி, அந்த இடத்தைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். முட்டும்போது வரும் ‘கரகர’ சத்தம் பழுதல்ல.

அப்படியானால் அது ஏன் அணைந்தது? பெரும்பாலும் மின்சாரம் போதாததால்தான். பகலில் ஒழுங்காக இருந்து இருட்டியதும் சுற்றத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். இருட்டானதும் உள்ளே ‘டிக்’கென்று ஃபில்டர் நகர்ந்து, இன்ஃப்ராரெட் விளக்குகள் எரியும். அதே நேரத்தில் மோட்டாரும் ஓடினால் அடாப்டர் தாங்காது. கேமராவில் 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று போட்டிருக்க, டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. யுஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது அரை ஆம்பியர்தான். நீளமான மெல்லிய கேபிளும் இதே வம்பைச் செய்யும். கூடவே வந்த அடாப்டரையும் குட்டைக் கேபிளையும் போட்டு ஓர் இரவு பாருங்கள். 12 வோல்ட் கேமரா என்றால் மல்டிமீட்டரை அடாப்டர் பக்கம் வைப்பதில் பயனில்லை. கேமரா முனையில், இரவு விளக்கு எரியும்போது, தலையைத் திருப்பிக்கொண்டே அளக்க வேண்டும். 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கேபிளைத் தடிமனாக்குங்கள், அல்லது அடாப்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் பெரிய கேமராக்களில், அந்த மின்சாரத்தைத் தரும் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தருகிறதா, 30 வாட் தருகிறதா என்று பார்க்க வேண்டும். 30 வாட் கேட்கும் கேமராவை 15.4 வாட் போர்ட்டில் மாட்டினால் நிற்கும்போது நன்றாக இருந்து, திரும்பும்போது அணையலாம்.

மின்சாரம் சரி என்றால் அடுத்தது அமைப்புகள். ஆள் நடந்தால் பின்தொடரும் ‘ஆட்டோ டிராக்கிங்’ ஆன் ஆகியிருந்தால், பூனை, ஆடும் திரைச்சீலை, வண்டியின் முகப்பு வெளிச்சம் எதுவானாலும் கேமரா துரத்தும். லென்ஸுக்கு முன் சிலந்தி வலை இருந்தால் இரவு முழுக்க ஆட்டம்தான். குறித்த நேரத்தில், குறித்த இடங்களில் நின்று நின்று போனால் அது ரோந்து அமைப்பு. படங்களைப் பதிவுசெய்யும் என்விஆர் கருவி இருந்தால் இரண்டு இடத்திலும் தேட வேண்டும். கேமராவில் அணைத்த ரோந்து என்விஆரில் உயிரோடு இருக்கலாம். வேறொரு கேமராவின் அலாரம் இந்தக் கேமராவைத் திருப்பும்படி இணைத்திருப்பதும் உண்டு. வாராந்திர ‘ஆட்டோ ரீபூட்’ இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

மோட்டார் சத்தமே இல்லாமல் படம் மெல்லக் கீழே சரிந்தால் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. தலையைக் கையால் திருப்புவதும் இதற்கு ஒரு காரணம்.

பழைய ஸ்பீடு டோம்கள், அதாவது வேகமாகச் சுற்றும் குமிழ் வடிவக் கேமராக்கள், ஆர்எஸ்-485 என்ற கட்டளை ஒயரில் ஓடுபவை. அங்கே இரண்டு டோம்களுக்கு ஒரே முகவரி வைத்துவிட்டால், ஒன்றைத் திருப்பும்போது மற்றதும் திரும்பும். டோமில் உள்ள குட்டி டிப் ஸ்விட்சில் முகவரியை மாற்றுங்கள். பாட் ரேட், அதாவது கட்டளை போகும் வேகம், இரு பக்கமும் ஒன்றாக, 2400 என்றால் இரண்டிலும் 2400 ஆக, இருக்க வேண்டும். 120 ஓம் மின்தடை ஒயரின் இரு கடைசி முனைகளில் மட்டும். எப்போதும் ஒரே பக்கமாக நகர்ந்தால் டோமை இயக்கும் கீபோர்டின் ஜாய்ஸ்டிக்கைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் தேய்ந்தது ஜாய்ஸ்டிக்.

இத்தனையும் இல்லை, சிறு சிறு அடியாக அங்கும் இங்கும் நகர்ந்து, எதையோ தேடுவது போல நிற்கிறது என்றால் மனிதக் கை இருக்கலாம். ஆப்பைப் பகிர்ந்துகொண்ட வீட்டாரை முதலில் கேளுங்கள். பிறகு ரவுட்டருக்கு வரும் இணையக் கேபிளை மட்டும் கழற்றுங்கள். வைஃபையும் மின்சாரமும் இருக்கட்டும். அப்போதும் திரும்பினால் காரணம் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது. நின்றுவிட்டால் சந்தேகம் வலுக்கும், ஆனால் அதுவே சாட்சியாகாது. சில மாடல்கள் ஆளைக் கண்டறியும் வேலையை இணையத்தின் வழியேதான் செய்கின்றன.

சந்தேகம் உறுதியானால் வரிசை முக்கியம். ஆப்பில் உள்ள உள்நுழைவுப் பட்டியலைத் தேதி, நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க அதுதான் கையில் இருக்கும். பிறகு மின்னஞ்சலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். கேமராவின் புதிய பாஸ்வேர்டுக்கான சுட்டி அங்கேதான் வரும் என்பதால், மின்னஞ்சல் அந்நியர் கையில் இருக்கும்வரை மற்றதை மாற்றிப் பயனில்லை. அதன் பின் கேமரா கணக்கின் பாஸ்வேர்டு, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றம், இரண்டடுக்குச் சரிபார்ப்பு. ரவுட்டரில், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியை அணைத்து, கேமராவுக்காகத் திறந்த போர்ட்டுகளை மூடுங்கள். கேமராவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, இப்போது ரீசெட் செய்யுங்கள். பழைய கேமராவை வாங்கியிருந்தால், முந்தைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து அதை நீக்கியிருக்கிறாரா என்றும் கேட்க வேண்டும்.

அசையாத கேமரா பத்திரம் என்றும் எண்ண வேண்டாம். 2016இல் பரவிய மிராய் என்ற தீய மென்பொருள், அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைப் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தே கேமராக்களிலும் டிவிஆர் எனும் பதிவுக் கருவிகளிலும் நுழைந்தது. அவற்றின் தலையைத் திருப்புவது அதன் நோக்கமல்ல. பிற தளங்களை முடக்க அவற்றின் இணைய இணைப்பைப் பயன்படுத்திக்கொண்டது. தற்காலிக நினைவகத்தில் மட்டும் தங்கியதால், கருவியை அணைத்துப் போட்டால் அது போய்விடும். பாஸ்வேர்டை மாற்றாமல் மீண்டும் இணையத்தில் இணைத்த கருவிகளில் சில நிமிடங்களிலேயே திரும்பவும் புகுந்தது.

இப்படிக்கு,
கண்காணிப்பு கேமரா பழுதுபார்ப்போர் சிலர்