தமிழ் அலமாரியைச் சாக்கில் கட்டும் முன்

எல்லையோர வாயனசாலைகளின் (ஊர் நூலகங்களின்) நிர்வாகக் குழுவினருக்கும், அவற்றுக்கு மானியம் வழங்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கே, ஒரு வாயனசாலையில் தமிழ்ப் புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கிச் சாக்கில் கட்டி வைக்க முடிவாகியிருக்கிறது. புத்தகம் எடுத்துப் போவதைக் குறிக்கும் இஷ்யூ ரெஜிஸ்டரில் பதிவு இல்லை, இளைஞர்கள் வருவதில்லை, இடம் தேவை என்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் வீட்டிலும் தெருவிலும் என்ன மொழி புழங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். எனவே நேராகவே கேட்கிறோம்: தமிழ்ப் புத்தகங்களின் பெயரைத் தமிழ் எழுத்தில் பட்டியலில் ஏற்றுங்கள். அது முடியும்வரை அந்த அலமாரியில் கை வைக்காதீர்கள்.

பிள்ளைகள் வராததற்கு எல்லோரும் செல்போனைக் குற்றம் சொல்கிறார்கள். வந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

புத்தகப் பட்டியல் பதிவேட்டில் தமிழ்த் தலைப்புகள் மலையாள எழுத்தில் ஏறியிருக்கின்றன. தமிழில் ஒரே ஒரு 'க'. மலையாளத்தில் அந்த இடத்தில் நான்கு எழுத்துகள். 'கங்கை' என்று தொடங்கும் தலைப்பைக் காதால் கேட்டு எழுதியவர் மூன்றாவது எழுத்தில் போட்டிருப்பார். அட்டையைப் பார்த்து எழுதியவர் முதல் எழுத்தில் போட்டிருப்பார். அகர வரிசையில் இரண்டும் வேறு வேறு பக்கத்துக்குப் போய்விடும். ச, ட, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கணினிக்கு மாறிய இடங்களிலும் விடிவு வரவில்லை. பிள்ளை தமிழில் அடித்தால், மலையாளத்தில் பதிந்த தலைப்பு வராது. கணினியின் எழுத்துக் குறியீடான யூனிகோடில் இரண்டும் தனித்தனி எழுத்துகள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து ஏற்றியதும் வராது. கண்ணுக்குத்தான் அது தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்து. யூனிகோடிலேயே அடித்திருந்தாலும் 'கௌரி' என்பதைக் கெ, ள, ரி என்று தட்டியிருந்தால் திரையில் சரியாகத் தெரியும், தேடினால் சிக்காது. புத்தகம் ஐந்தடி தள்ளி அலமாரியில் இருக்கிறது. 'இல்லை' என்ற பதிலோடு பிள்ளை திரும்பிப் போகிறது. இஷ்யூ ரெஜிஸ்டரில் அந்த வரி காலியாகவே கிடக்கிறது. அந்தக் காலி வரியையே சாட்சியாக வைத்து அலமாரியை மூடுவது என்ன நியாயம்?

சரி, பட்டியலை விட்டுவிட்டு நேராக அலமாரிக்கே போனால்? தமிழில் இருப்பதெல்லாம் இலக்கியம் என்று எண்ணி மொத்தத்தையும் 894.811-இல் அடுக்கியிருக்கிறார்கள். புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் டூயி வகைப்பாட்டில் அது தமிழ் இலக்கியத்துக்கு மட்டும் உரிய எண். மோட்டார் வைண்டிங் புத்தகம் 621.46-க்குப் போக வேண்டும். இங்கே அது கவிதைத் தொகுப்புகளுக்கு நடுவில் செருகிக் கிடக்கிறது. ஐ.டி.ஐ. படிக்கும் பையன் அதை அங்கே போய்த் தேடுவானா? தமிழும் மலையாளமும் அறிந்தவர்களுக்கான கிளார்க் வேலைக்கு கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத் (பி.எஸ்.சி.) தேர்வு எழுதும் பெண்ணுக்கு வேண்டிய பொது அறிவுப் புத்தகமும் அந்தக் குவியலுக்குள்தான்.

லைப்ரேரியனை நாங்கள் குறை சொல்லவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரிடம், சொற்ப சம்பளத்துக்கு, தமிழ்ப் புத்தகங்களை ஒப்படைத்தது அவருடைய தவறல்ல. அவருக்கு மலையாள எழுத்து வேண்டும், பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வேண்டும். இரண்டுக்கும் வழி இருக்கிறது. கோஹா என்ற நூலக மென்பொருளில் 245-ஆம் புலத்தில் தலைப்பைத் தமிழில் போட்டு, 880-இல் மலையாள எழுத்து வடிவத்தைச் சேர்த்து இணைக்கலாம். கணினி இல்லாத இடத்தில் பதிவேட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டால் போதும். தலைப்பை அட்டையிலிருந்து எடுக்காமல் உள்ளே இருக்கும் தலைப்புப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். அட்டையில் அலங்கார எழுத்து ஏமாற்றும். ஒருவர் வாசிக்க ஒருவர் அடித்தால் புத்தகத்துக்கு மூன்று நிமிடம் என்று வையுங்கள். 400 புத்தகத்துக்கு 20 மணி நேரம், மாலைக்கு இரண்டு மணி நேரம் என்றால் பத்து மாலைகள். நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) பிள்ளைகள் இரண்டு பேர் போதும். தங்கள் கையால் ஏற்றிய புத்தகத்தைத் தேடி அவர்களே மறுபடி வருவார்கள். நண்பர்களையும் கூட்டி வருவார்கள்.

எடுத்துப் போகாமல் உட்கார்ந்து படிப்பதும் வாசிப்புதான். படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுப் போகச் சொல்லி, பூட்டும் முன் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். இஷ்யூ ரெஜிஸ்டர் காட்டாத கணக்கு அதில் தெரியும். பள்ளி விட்டுப் பஸ் வந்து சேரும் நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1989-ஆம் ஆண்டுக் கேரளப் பொது நூலகச் சட்டப்படி கட்டட வரியில் ரூபாய்க்கு ஐந்து பைசா நூலக வரியாக வசூலாகிறது. தமிழ் வீடு, மலையாள வீடு என்று பார்த்து அந்த ஐந்து பைசாவை யாரும் குறைப்பதில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 19 அன்று, கேரள நூலக இயக்கத்தின் முன்னோடி பி.என். பணிக்கர் படத்துக்கு மாலை போட்டு, 'வாயிச்சு வளருக' (படித்து வளர்க) என்று பிள்ளைகளைச் சொல்ல வைக்கிறோம். மேடையிலிருந்து இறங்கி வந்த பிள்ளைக்குப் பட்டியலில் தன் எழுத்து இல்லை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் என்று 1931-இல் விதி எழுதிய நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சீர்காழிக்காரர். அந்த விதியை உங்கள் பயிற்சி வகுப்பில் நீங்களே சொல்லிக் கொடுக்கிறீர்கள். பிறகு எப்படி இந்த முடிவுக்குக் கை உயர்ந்தது?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் சிமெண்ட் தரையில் வைத்த சாக்கு அடியிலிருந்து ஈரம் இழுக்கும். பூஞ்சை பிடித்துப் பக்கம் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு மனம் மாறினாலும் திருப்பி அடுக்கப் புத்தகம் இருக்காது. ஆகவே முடிவை நிறுத்தி வையுங்கள். தலைப்புகளைத் தமிழ் எழுத்தில் ஏற்றுங்கள். ஆறு மாதம் கழித்து, இஷ்யூ ரெஜிஸ்டரையும் மேசைக் கணக்கு நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எல்லையோர வாசகர்கள்