முன்பதிவு செய்த ராப் இசைத்தட்டில் பாடல்கள் குறைவு, வரிகள் வெட்டு: பணத்தைத் திரும்பக் கோரும் புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
இசை வெளியீட்டு நிறுவனத்தின் இணையக் கடை.

பொருள்: விளம்பரத்தில் கூறியதற்கு மாறான இசைத்தட்டை அனுப்பியமை தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தங்கள் நிறுவனத்தின் முன்னணி ராப் பாடகர் இந்த ஆண்டு வெளியிட்ட புதிய ஆல்பத்தின் வினைல் இசைத்தட்டை, வெளியீட்டுக்கு ஏழு வாரங்கள் இருக்கும்போதே முழுத் தொகையும் செலுத்தித் தங்கள் இணையக் கடையில் முன்பதிவு செய்தேன். விற்பனைப் பக்கத்தில் "20 பாடல்கள், தணிக்கை செய்யப்படாத முழு வடிவம், பாடல் வரிகளும் பங்களித்தோர் விவரமும் அடங்கிய உள்ளுறை" என்று தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த தட்டில் 17 பாடல்களே உள்ளன. அவையும் தணிக்கை செய்யப்பட்டவை. உள்ளுறையிலோ பங்களித்தோர் பெயர் ஒன்றுகூட இல்லை. இதைக் குறித்து மூன்று முறை எழுதியும், "படைப்பு தொடர்பான முடிவுகள் கலைஞரைச் சார்ந்தவை" என்ற ஒரே பதிலே எழுத்து மாறாமல் திரும்பத் திரும்ப வந்ததால், இம்முறை நடந்ததை விரிவாகவே எழுத வேண்டியதாயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வணிக ராப் இசை என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். ஒரே முறை கேட்டதும் வாயில் ஒட்டிக்கொள்ளும் ஹூக், அரங்கமே சேர்ந்து கத்துவதற்கென்று அமைத்த பீட், இவற்றுக்காகத்தான் இந்தப் பாடகரை இத்தனை காலமாகக் கேட்டு வருகிறேன். இந்த ஆல்பத்திலும் குறை சொல்ல முடியாத பாடல்கள் நான்கைந்து இருக்கின்றன. என் புகார் இசையின் தரத்தைப் பற்றியது அன்று. காசு வாங்கிக்கொண்டு தாங்கள் அனுப்பிய பொருளைப் பற்றியது.

ஏழாவது பாட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீமிங் தளத்தில் அதன் இரண்டாவது வெர்ஸ் (ராப் பாடும் பகுதி) பதினாறு வரி, மூச்சு வாங்காமல் ஓடுகிறது. எதுகை மோனைக்குப் பழகிய காது, வரியின் நடுவிலும் கடைசியிலும் ஒரே ஓசையை மாற்றி மாற்றி அவர் வைக்கும் விதத்தைக் கேட்டு நிமிர்ந்து உட்காராமல் இருக்க முடியாது. இத்தனைக்கும் அவர் எதுகையை இறக்கும் சொற்களில் பாதி வசைச்சொற்கள். தட்டில் அந்தச் சொற்கள் அனைத்தும் அறுக்கப்பட்டிருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன். பதினாறு வரியில் ஒன்பது இடத்தில் குரல் விழுந்து எழுகிறது. பீட் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்க, ஓசை வந்து விழ வேண்டிய இடத்தில் அரை விநாடி வெறுமைதான் இருக்கிறது. முதல் முறை கேட்டபோது ஊசியில்தான் தூசி சிக்கியிருக்கிறது என்று நினைத்து அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இதில் வேடிக்கை என்னவென்றால், 1990 முதல் அமெரிக்க இசைத்துறை பயன்படுத்திவரும் பெற்றோருக்கான அந்தக் கறுப்பு வெள்ளை எச்சரிக்கைச் சின்னம் என் அட்டையின் மூலையில் பளிச்சென்று அச்சாகியிருக்கிறது. அட்டையில் எச்சரிக்கை இருக்கிறது. உள்ளே எச்சரிக்கும்படி எதுவும் இல்லை.

விடுபட்ட மூன்று பாடல்களில் ஒன்று, முன்பதிவுக்கு மக்களை அழைத்துத் தாங்களே வெளியிட்ட விளம்பரக் காணொளியில் பின்னணியாக ஒலித்த பாட்டு. அதைக் கேட்டுத்தான் நான் பணம் கட்டினேன் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் குழப்பம் எப்படி நேர்ந்திருக்கும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வினைல் தட்டை அச்சிடும் ஆலைக்கு மாஸ்டரிங் எனும் இறுதி ஒலிச்சீரமைப்பு முடிந்த கோப்புகளைப் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள் முன்பே கொடுத்தாக வேண்டும். ராப் ஆல்பங்களோ வெளியாகும் இரவு வரையில் மாறிக்கொண்டே இருப்பவை; பாட்டு கூடும், குறையும், பிறர் பாட்டிலிருந்து எடுத்த துண்டுக்கு (சாம்பிளுக்கு) உரிமை கிடைக்காமல் பீட்டே மாறும். ஆகவே ஆலைக்குப் போனது ஒரு பழைய வடிவம், வெளியானது வேறொரு வடிவம் என்றாகியிருக்கலாம். அப்படியானால் அச்சுக்குக் கொடுத்த நாளிலேயே அதில் 17 பாடல்கள்தான் உள்ளன என்பது தங்களுக்குத் தெரியும். தெரிந்த பிறகும் விற்பனைப் பக்கத்தில் 20 என்ற எண்ணை வெளியீட்டு நாள் வரை அப்படியே விட்டுவைத்தது கலைஞரின் படைப்பு முடிவு ஆகாது. அந்தப் பக்கத்தை எழுதுவது தங்கள் கடை.

முழுமையான தட்டு தயாராகும் வரை காத்திருக்காமல் இதை ஏன் அவசரமாக அனுப்பினீர்கள் என்ற கேள்விக்கும் எனக்குத் தோன்றும் விடை ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஆல்பங்களை வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் இசைத்தட்டு, குறுந்தட்டு போன்றவை வாடிக்கையாளருக்கு அனுப்பப்படும்போதே விற்பனையாகக் கணக்கில் சேரும் என்று 2020-இல் விதி இறுக்கப்பட்டது. அதற்கு முன், தட்டோடு சேர்த்துக் கொடுக்கும் டிஜிட்டல் பிரதியை வாங்கிய நாளிலேயே கணக்கில் காட்ட வழியிருந்தது. பட்டியலின் வாரம் வெள்ளிக்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடிகிறது. என் பார்சல் புறப்பட்டது வெளியீட்டு வெள்ளிக்கிழமையன்று. முதல் வார எண்ணிக்கையில் நானும் ஓர் எண்ணாக ஏற வேண்டும் என்பதற்காகவே முழுமையற்ற தட்டு பெட்டிக்குள் போடப்பட்டது என்று நான் எண்ணுவது தவறென்றால், தயவுசெய்து காரணத்தோடு மறுத்து எழுதுங்கள்.

இந்த ஐயம் வலுக்கக் காரணம் அடுத்து நடந்தது. வெளியீடு முடிந்த நான்காம் நாள் ஆறு புதிய பாடல்களுடன் டீலக்ஸ் பதிப்பு ஸ்ட்ரீமிங்கில் ஏறியது. 2014 டிசம்பரில் பில்போர்டு ஸ்ட்ரீமிங்கையும் ஆல்பம் பட்டியலில் சேர்த்து, 1,500 ஸ்ட்ரீம் ஓர் ஆல்பத்துக்குச் சமம் என்று வைத்தது. விகிதம் பின்னர் மாறினாலும், பாட்டு கூடக் கூட எண்ணிக்கையும் கூடும் என்ற கணக்கு மாறவில்லை. அதுவும் போகட்டும். அதே நாளில், 26 பாடல்களும் தணிக்கையின்றி அடங்கிய இரட்டைத் தட்டு ஒன்றுக்குத் தங்கள் கடையில் புதிதாக முன்பதிவு திறக்கப்பட்டது. ஏழு வாரம் முன்பே பணம் கட்டியவனுக்கு வெட்டிய தட்டு, சாவகாசமாக வருபவருக்கு முழுத் தட்டு! என் மின்னஞ்சலுக்கும் அந்த விளம்பரம் வந்தது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தட்டில் முதல் பக்கம் ஏறத்தாழ 26 நிமிடம் ஓடுகிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டு 33⅓ சுழற்சியில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம் வரை நன்றாகத் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் ஊசி ஓடும் பள்ளங்களை நெருக்கமாக வெட்ட வேண்டும், அதற்காக ஒலியளவையும் பாஸ் எனும் தாழ்ந்த ஒலியையும் குறைக்க வேண்டும். பாஸ் ஆழமாக இறங்க இறங்கத் தட்டின் பள்ளத்துக்கு அகலமான இடம் தேவைப்படுகிறது என்பதால் முதலில் அடிவாங்குவது அதுதான். இது 808 எனும் டிரம் இயந்திரத்தின் பாஸ் மீதே நிற்கும் ஆல்பம்; என் தட்டில் அந்த பாஸ் பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் கேட்கிறது. இரட்டைத் தட்டாக வெளியிட வேண்டியதை ஒன்றில் அடைத்ததன் விளைவு இது.

உள்ளுறையில் பாடல் வரிகளுக்குப் பதிலாகப் பாடகரின் முழுப்பக்கப் படமும் ஒரு கியூஆர் குறியும் உள்ளன. பங்களித்தோர் பெயர்கள் அதில் இருக்கும் என்று நினைத்து அதைப் படமெடுத்துத் திறந்தால், டி-ஷர்ட் விற்கும் பக்கம் வருகிறது. இதை நான் சின்ன விஷயமாகக் கருதவில்லை. பதினோராவது பாட்டின் அடியில் ஓடும் டிரம்ஸ், 1969-இல் தி வின்ஸ்டன்ஸ் குழுவுக்காக கிரிகரி கோல்மன் வாசித்த அந்த ஆறேழு விநாடித் துண்டு என்பது ஹிப் ஹாப் கேட்டுப் பழகிய எவருக்கும் புரியும். ஆயிரக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்ட அந்த வாசிப்புக்கு அவர் உரிமைத்தொகை எதுவும் பெறாமலே 2006-இல் இறந்தார். காசுதான் அவருக்குப் போகவில்லை, பெயராவது போட்டிருக்கலாம். பீட் செய்தவர், கோரஸ் பாடியவர், மிக்ஸிங் செய்தவர் எவரென்று தெரிந்துகொள்ளத்தான் என்னைப் போன்றவர்கள் இன்னமும் தட்டு வாங்குகிறோம்.

திறந்த தட்டைத் திருப்பிப் பெறுவதில்லை என்ற தங்கள் நிபந்தனையைச் சேவைப் பிரிவு எனக்கு நினைவூட்டியது. கீறல் விழுந்தது, மனம் மாறியது போன்றவற்றுக்கு அது பொருந்தும். உறை பிரிக்காமல், ஊசியை வைக்காமல், உள்ளே எத்தனை பாட்டு இருக்கிறது என்று அறிய எனக்கு வேறு வழி இல்லை. வெளி அட்டையில்கூடப் பாடல் பட்டியல் அச்சிடப்படவில்லை.

ஆகவே, புதிதாக அறிவித்துள்ள இரட்டைத் தட்டைக் கூடுதல் கட்டணமின்றி எனக்கு அனுப்ப வேண்டும். இயலாதெனில் அனுப்பும் கட்டணம் உட்பட முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும். இரண்டில் எதுவானாலும், இப்போது கையிலிருக்கும் தட்டைத் திரும்ப எடுத்துச் செல்லும் செலவு தங்களுடையது. இன்றைய தேதியிலும் 20 பாடல்கள் என்றே காட்டும் விற்பனைப் பக்கத்தை உடனே திருத்துமாறும், பங்களித்தோர் முழுப் பட்டியலை முன்பதிவு செய்த அனைவருக்கும் அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

விற்பனைப் பக்கத்தின் படம், பணம் செலுத்திய ரசீது, தட்டின் இரு பக்க லேபிள்களின் படம், ஏழாவது பாட்டை ஒலிப்பதிவு செய்த கோப்பு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், இதே ஆவணங்களுடன் நான் பணம் செலுத்திய வங்கி அட்டையை வழங்கிய வங்கியிடம் இந்தக் கட்டணத்தை மறுத்து விண்ணப்பிப்பேன். நான்காவது முறையும் அதே வாசகத்தை அனுப்புவதாக இருந்தால் அதைப் பதிலாகக் கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
முன்பதிவு செய்த வாடிக்கையாளர்