இலைக்காம்பைப் பார்த்து வாங்கு

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் வந்தது. மகளுக்குச் சுகப்பிரசவம் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அறந்தாங்கிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் ஐப்பசி மழைக்குத் தைலமரக் கன்று நடப் போவதாக எழுதியிருந்தாய். அதற்குள் என் தோட்டத்தில் நடந்ததை நீ அறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாற்றங்காலில் நான் வாங்கிய கன்றுகள் சிலவற்றின் இலைக்காம்பிலும் நடு நரம்பிலும் சிறு முடிச்சுகள் இருந்தன. சத்துக் குறைவாக இருக்கும் என்று எண்ணி நட்டுவிட்டேன். பச்சையாக இருந்த முடிச்சுகள் நாளடைவில் இளஞ்சிவப்பாகிப் பளபளத்து, பிறகு பழுப்பேறின. கொழுந்துகள் சுருண்டன, நெடுநெடுவென்று உயர வேண்டிய கன்றுகள் நுனி கருகி, துடைப்பம் போலக் கிளைத்து நின்றன. விடியற்காலையில் அந்த வரிசைகளுக்கு நடுவே நடக்கவே மனம் வரவில்லை.

நெற்பயிருக்குள் புழுவாகப் புகுந்து தண்டைக் குழல் போல மாற்றிவிடும் ஆனைக்கொம்பன் ஈயின் வேலையைச் சிறு வயதிலேயே பார்த்தவர்கள் நாம். இதுவும் அதைப் போன்றதே. லெப்டோசைபி இன்வேசா என்னும் குளவி, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளமுடையது, இளந்துளிரின் திசுவுக்குள் முட்டையிடுகிறது. புழுவுக்கு உணவும் வீடுமாகச் செடியே முடிச்சை வளர்த்துக் கொடுக்கிறது. ஆண் துணையின்றியே பெண் குளவி இனம் பெருக்கிவிடும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2000ஆம் ஆண்டில் இஸ்ரேலில் கண்ணில் பட்டு, 2004இல்தான் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். அதற்குள் தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது.

பதறிப்போய் இருமுறை மருந்து அடித்தேன். பணம் போனதுதான் மிச்சம். புழு முடிச்சுக்குள் பத்திரமாக இருப்பதால் மேலே படும் மருந்து அதை எட்டுவதில்லை. வெளியே திரியும் நன்மை செய்யும் பூச்சிகளோ மடிந்துபோகின்றன. இதை எனக்குப் புரிய வைத்தவர் தோட்டத்தைப் பார்க்க வந்த ஓய்வுபெற்ற வனத்துறை அலுவலர் ஒருவர். குவாட்ராஸ்டிக்கஸ் மெண்டலி என்னும் இன்னொரு சிறு குளவி முடிச்சுக்குள் இருக்கும் புழுவைத் தேடி அதன் மீது முட்டையிடும் என்றும், இஸ்ரேலில் ஆராய்ந்து பயன்படுத்திய பிறகு அது நம் நாட்டுக்கும் தருவிக்கப்பட்டது என்றும் விளக்கினார். முடிச்சை உண்டாக்கும் குளவி முட்டையிலிருந்து வளர்ந்து வெளிவர நாலரை மாதங்கள் வரை ஆகிறது. அதை அழிக்கும் இந்தக் குளவிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அன்று முதல் நான் மருந்துத் தெளிப்பானைத் தொடவில்லை. இப்போது வரும் கொழுந்துகளில் முடிச்சு குறைந்திருக்கிறது. காரணம் அந்தக் குளவிதான் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

நீ கன்று வாங்கப் போகும்போது கன்றுகள் வைத்திருக்கும் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இலைக்காம்பைத் தடவிப் பார்; ஒரு முடிச்சு தட்டுப்பட்டாலும் அந்தத் தட்டை வாங்காதே. தோட்டம் முழுவதும் ஒரே தாய் மரத்தின் கன்றாக நடாதே. அந்த ரகம் தாங்காவிட்டால் ஏக்கர் முழுவதும் ஒன்றாகப் படுத்துவிடும். கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் நிறுவனத்தில் தாங்கும் ரகங்களைக் கேட்டறிந்து முடிவு செய். பிற்காலத்தில் மரத்தை வெட்டிய பின் கட்டையில் கிளம்பும் மறுதாம்புத் துளிரையும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் குளவிக்கு அந்த இளசுதான் மிகவும் பிடிக்கும்.

ஆவணி கடைசியில் நான் அங்கு வருகிறேன். நாற்றங்காலுக்குச் சேர்ந்தே போகலாம்; அதுவரை முன்பணம் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சுப்பையா