எங்கள் மிலோவைப் பார்த்துக்கொண்ட சுங்கை சிப்புட்டுக்கு ஒரு நன்றி மடல்

மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மக்களுக்கும் தோட்டத்து உறவுகளுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு முயல் மிலோ பிழைத்துவிட்டது. மார்க்கெட்டில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில் என்று பார்க்கும் இடமெல்லாம் விசாரித்தீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல். தலை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது. அது அப்படியே நின்றுவிடலாம் என்கிறார் டாக்டர். ஆனால் தானாகப் புல் தின்கிறது, தண்ணீர் குடிக்கிறது, நாற்காலிக் காலைக் கடிக்கிறது. எங்களுக்கு அது போதும்.

விவரம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வரை நன்றாக இருந்த முயல், விடிந்து பார்த்தால் தலை திருகிக் கிடந்தது. கண்விழி இரண்டும் பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தன. எழுந்து நிற்கப் பார்க்கும்போதெல்லாம் உருண்டு உருண்டு விழுந்தது. பக்கவாதம் என்றார்கள் சிலர், விஷம் என்றார்கள் சிலர். முன் வீட்டுப் பாட்டி கண் பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அதற்கும் நன்றி பாட்டி. முதலில் கொண்டுபோன ஒரு கிளினிக்கில், இது தேறாது, ஊசி போட்டு முடித்துவிடுவதுதான் அதற்கு நல்லது என்றார்கள். நாய் பூனை மட்டுமே அதிகம் வரும் இடம், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உருளுவதைப் பார்க்கிறவர்களுக்கு அது உயிர் போகும் வேதனை மாதிரித்தான் தெரியும். உண்மையில் முயலுக்குத் தலை சுற்றுகிறது, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் பயந்து புரள்கிறது. இதை எங்களுக்குப் புரிய வைத்தவர் ஈப்போ டாக்டர்.

டாக்டர், மிலோவைக் கையில் வாங்கியதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி "சாப்பிடுதா?" என்பதுதான். தலையைப் பற்றி அப்புறம்தான் கேட்டீர்கள். முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அரை நாள் சாப்பிடாமல் கிடந்தாலே குடல் நின்றுபோய் அதுவே உயிரை வாங்கிவிடும் என்று சொன்னீர்கள். தலை சாய்வதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள் என்றும் விளக்கினீர்கள். ஒன்று, நடுக்காதிலும் உட்காதிலும் சீழ் பிடிப்பது. மிலோ மாதிரி காது தொங்கும் இனத்துக்குக் காதுத் தொல்லை கூடுதல். இன்னொன்று, என்செஃபலிட்டோசூன் குனிகுலை என்ற ஒட்டுண்ணி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குவது. காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தீர்கள், எக்ஸ்ரே எடுத்தீர்கள், ரத்தம் எடுத்தீர்கள். ரத்தத்தில் அந்த ஒட்டுண்ணிக்கு எதிர்ப்பொருள், அதாவது அதை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் பொருள், இருந்தது. ஆனால் நோயே வராத முயல்களிலும் அது இருக்கும் என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றீர்கள். 1922லேயே முயல்களில் கண்டுபிடித்த கிருமி. உயிரோடிருக்கும் முயலில் இதுதான் என்று உறுதியாகக் காட்ட இன்றைக்கும் ஒரு சோதனை இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தீர்களே, அதற்காகவே உங்களைக் கும்பிடலாம்.

ஒட்டுண்ணிக்கு ஃபென்பெண்டசோல், கிலோவுக்கு 20 மில்லிகிராம் வீதம் 28 நாள். காதுக்கு என்ரோஃப்ளோக்சசின், வீக்கத்துக்கு மெலொக்சிகாம், தலைச்சுற்றலுக்கு மெக்லிசின். ஃபென்பெண்டசோல் என்றதும் ஆடு வளர்க்கும் எங்கள் சித்தப்பா, "இது நம்ம ஆட்டுக்குக் குடுக்கிற பூச்சி மருந்துதானே, நம்மகிட்டயே இருக்கு" என்று போத்தலோடு வந்துவிட்டார். மருந்து அதேதான் சித்தப்பா. ஆனால் ஆட்டுக்கு ஊற்றுவதை இரண்டு கிலோகூட இல்லாத முயலுக்குக் கண்ணளவில் ஊற்ற முடியாதே. சில முயல்களுக்கு இது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் என்பதால் நடுவில் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கோபித்துக்கொள்ளாமல் போத்தலைத் திருப்பி எடுத்துப் போனதற்கு உங்களுக்கும் நன்றி.

மருந்து கிடைத்துவிட்டது. அதை உருண்டுகொண்டே இருக்கும் ஒரு முயலின் வாய்க்குள் எப்படிச் சேர்ப்பது? இந்த இடத்தில்தான் எங்கள் டிரெஸ்ஸர் தாத்தா வந்தார்.

தாத்தா, நீங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் உங்களைக் கண்டாலே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் கித்தா (ரப்பர்) மரத்துக்குப் பின்னால் ஓடி ஒளிவோம். அந்த ஊசிப் பயம் இன்னும் எனக்கு முழுசாகப் போகவில்லை. நீங்களோ கைத்தடியை வாசலில் சாய்த்துவிட்டு, துண்டு கொண்டு வா என்று அதிகாரமாகக் கேட்டு, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி மிலோவைச் சுற்றி, மடியில் நெஞ்சோடு அணைத்து உட்கார வைத்தீர்கள். அணைத்துப் பிடித்ததுமே உருள்வது நின்றுவிட்டது. ஊசி கழற்றிய சிரிஞ்சை முன்பக்கமாக நீட்டக்கூடாது, முன்பல்லுக்குப் பின்னால் இருக்கும் இடைவெளியில் பக்கவாட்டில் விட வேண்டும், கொஞ்சம் விட்டு அது மென்று விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும், மல்லாக்கப் போட்டு ஒருக்காலும் ஊட்டக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும் என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். மருந்தோடு, தண்ணீரில் கரைத்த புல்மாவையும் சாப்பாடாக இப்படித்தான் ஊட்ட வேண்டும். அதற்கு டாக்டர் சொன்ன அளவு கிலோவுக்கு ஒரு வேளை 10 முதல் 15 மில்லி. முதலில் அதில் பாதிதான் இறங்கியது. "பாதி இறங்கினா பாதி நேரத்துல மறுபடியும் குடு" என்றீர்கள். எளிய கணக்குத்தான், பதற்றத்தில் எங்களுக்குத் தோன்றவில்லை.

அப்புறம் தாத்தா எழுதச் சொன்ன நோட்டுப் புத்தகம். காலையில் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை, உள்ளே போன மில்லி, வெளியே வந்த புழுக்கை. ஆமாம், புழுக்கையை எண்ணத்தான் சொன்னார். எண்ணிக்கை குறைந்தாலோ உருவம் சிறுத்தாலோ குடல் மந்தமாகிறது என்று அர்த்தம். சாயங்காலம் வந்து சிவப்புப் பேனாவால் சரி போட்டுவிட்டுப் போவார். படிவம் இரண்டு படிக்கும் என் மகள் கணக்குப் பாடத்துக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. "எடை குறையுதா பாரு. தலை எந்தப் பக்கம் இருந்தா என்ன" என்று தாத்தா சொன்னதை வைத்துத்தான் நாங்கள் அந்த நாட்களை ஓட்டினோம்.

ஒரு விஷயத்தை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது, இருந்தாலும் முயல் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். முயல் மிருதுவான ஒருவகைப் புழுக்கையைப் பின்பக்கத்திலிருந்தே வாயால் எடுத்துத் தின்னும், அதில் அதற்கு வேண்டிய சத்து இருக்கிறது. கழுத்து கோணினால் வாய் அங்கே எட்டாது. மகள் அதைக் கரண்டியில் எடுத்து மிலோவின் வாயருகே நீட்டுவாள். அதே கரண்டியா என்று கேட்காதீர்கள், அது மிலோவுக்கே எழுதி வைத்தாகிவிட்டது.

செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் ஊரில் புல்லுக்குப் பஞ்சமா என்று நீங்கள் நினைக்கலாம். மருந்து அடிக்காத புல்லுக்குத்தான் பஞ்சம். பாராகுவாட்டை 2020லிருந்து நாட்டில் தடை செய்துவிட்டார்கள், ஆனால் மற்ற களைக்கொல்லிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நல்ல முயலுக்கே ஆகாதது, நோயில் கிடப்பதற்கு எப்படிக் கொடுப்பது? தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணா, இதை உங்களிடம் ஒரு தடவைதான் சொன்னேன். அன்றிலிருந்து காலைப் பெரட்டு (வேலைக்குப் பேர் கூப்பிடுவது) முடிந்ததும் உங்களிடமிருந்து வாட்ஸ்அப் வந்துவிடும்: "ஆத்தோரம் இன்னிக்கு மருந்து. கோயில் பக்கம் அறுக்கலாம்." நூறு வேலைக்கு நடுவில் ஒரு முயலுக்காக ஒரு வரி. அதைப் பார்த்துத்தான் மாட்டுக்கார அண்ணன் தன் மாடுகளுக்கு அறுக்கும்போது எங்களுக்கும் நேப்பியர் புல் ஒரு பிடி ஒதுக்கினார். அந்தச் செய்தியைப் பார்த்து இப்போது தன் மாடுகளையும் இடம் மாற்றி மேய்க்கிறாராம். தீவனக்கடை அங்கிள் திமோத்தி புல்லை முழுப் பையாக வாங்கச் சொல்லாமல் பிரித்து நிறுத்துக் கொடுத்தார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறி விற்கும் அக்கா, மல்லித்தழைத் தண்டுகளை எறியாமல் பொட்டலம் கட்டி வைத்தார். சிரிஞ்ச் இல்லாமல் மிலோ தானாக வாய் வைத்துத் தின்ற முதல் சாப்பாடு அந்தத் தண்டுதான். கேரட் கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. அதில் இனிப்பு அதிகம் என்பதால் பெரும்பகுதி எங்கள் சாம்பாருக்குப் போய்விட்டது.

மருந்துக்கடைத் தங்கச்சி, உனக்குத் தனியாக ஒரு நன்றி. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பாசத்தில், தன் பிள்ளைக்குக் காதுவலிக்குக் கொடுத்து மிஞ்சிய அமொக்சிசிலின் மருந்தைக் கொடுத்துவிட்டார். உன் கடையில் சிரிஞ்ச் வாங்க வந்தபோது பேச்சுவாக்கில் அதைச் சொன்னேன். "அக்கா, முயலுக்கு இதை வாயில குடுக்கவே கூடாது, முதல்ல டாக்டருக்குப் போன் பண்ணுங்க" என்று நீயே எண்ணை அழுத்திக் கொடுத்தாய். பென்சிலின் வகை மருந்தை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, கெட்டவை பெருகி, முயலே செத்துப்போகும் என்று டாக்டரும் சொன்னார்.

மாக்சிக் என்று நாங்கள் கூப்பிடும் மலாய்க்கார அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, இதை மகள் போய் மலாயில் சொல்லிவிடுவாள். பழைய கைலிகளைக் கிழித்துத் தலையணை மாதிரி நீள நீளமாகத் தைத்துக் கொடுத்தவர் அவர்தான். சின்னப் பெட்டியில் இரண்டு பக்கமும் அவற்றை அணைகொடுத்து வைத்தோம், மிலோ உருள இடமில்லாமல் நிமிர்ந்து படுத்தது. கீழ்ப்பக்கத்துக் கண் தரையில் உரசிப் புண்ணாகிவிடும் என்று டாக்டர் பயந்தார். கண்ணுக்குக் களிம்பு போட்டோம், அதைவிட அந்தக் கைலித் துணி காப்பாற்றியது என்பதுதான் என் எண்ணம். தன் பூனைகளையும் பகலெல்லாம் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினார். பூனைகளுக்கு அதில் சம்மதமில்லை என்பது தெருவுக்கே கேட்டது. மத்தியான வெயிலுக்குத் துணி சுற்றி வைக்க ஐஸ் போத்தல் தந்த காப்பிக்கடை அண்ணனையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா கீமோ சிகிச்சையில் இருக்கிறார். இந்த ஒட்டுண்ணி முயலின் சிறுநீரில் வெளியே வரும், திடமாக இருப்பவர்களை அதிகம் தொல்லைப்படுத்தாது, எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அப்ப நான் வேலிக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன், நீ குளோராக்ஸ் போட்டுக் கழுவு" என்றார், அவ்வளவுதான். தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முதலில் மிலோவை விசாரிப்பார், அப்புறம்தான் தன் உடம்பைப் பற்றிச் சொல்வார். அக்கா, அடுத்த தடவை உங்கள் உடம்பிலிருந்து ஆரம்பியுங்கள்.

முயலுக்குப் போய் இவ்வளவு செலவா என்று கேட்டவர்களும் உண்டு. கேட்டதில் தப்பில்லை, நானே கணக்குப் பார்க்கும்போது கேட்டுக்கொண்டேன். ஆனால் அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஈப்போவில் செலவானது. இங்கே ஊருக்குள் கிடைத்த எதற்கும் யாரும் காசு வாங்கவில்லை.

மிஞ்சிய சிரிஞ்சுகள், பிரிக்காத புல்மாவு பாக்கெட்டுகள், மாக்சிக் தைத்த அணைகள் எல்லாம் கழுவிப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தைப்பிங் பக்கமோ கோலாகங்சார் பக்கமோ யார் வீட்டு முயலுக்காவது இப்படி வந்தால் கேளுங்கள், தருகிறோம். மருந்து மட்டும் கேட்காதீர்கள், அதை டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்.

கடைசியாக வேன் அண்ணனுக்கு. ஈப்போவுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும்போதெல்லாம் மருந்து வாங்கி வந்தீர்கள், அதை ஐஸ் பெட்டியில் வேறு வைத்துக் கொண்டுவந்தீர்கள். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரும்போது கொண்டுவந்து தருகிறேன். மூடியின் ஓரத்தை மிலோ கொஞ்சம் கடித்து வைத்திருக்கிறது, வீட்டில் அண்ணியிடம் அதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மிலோ வீட்டார்
சுங்கை சிப்புட்