தேசிய நீர்வழி 99-ல கட்டை கெடக்கு

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

நம்ம தாமிரபரணி ஒரு தேசிய நீர்வழி, அதாவது படகு, கப்பல் போறதுக்குன்னு அறிவிச்ச பாதைன்னு நெல்லைக்காரங்கள்ல எத்தன பேருக்குத் தெரியுமோ. 2016-ல வந்த தேசிய நீர்வழிகள் சட்டத்துல மொத்தம் 111 நீர்வழி, அதுல 99-வது நம்ம ஆறு, நெல்லை சுலோசன முதலியார் பாலத்துல ஆரம்பிச்சு புன்னக்காயல்ல கடல் சேர்ற வரைக்கும் 64 கிலோமீட்டர். இதப் படிச்சா பாலத்துப் பக்கம் கொக்கிரகுளத்துல போட் ஏறி உக்காந்தா நேரா கடலுக்கே போயிரலாம்னு தோணும். நெசத்துல நடுவுல மருதூர் அணைக்கட்டும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டும் குறுக்க நிக்குது, அதக்கூட விடுங்க, அது எங்க இருக்குன்னு ஊர்க்காரங்க எல்லாருக்கும் தெரியும், முன்னாடியே கரை ஏறி போட்ட தூக்கிட்டு நடந்துரலாம். நான் எழுத வந்தது எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாத சாமான்களப் பத்தி.

இப்ப கொஞ்ச வருஷமா நம்ம பக்கம் பசங்க காத்தடிக்கிற கயாக், ரப்பர் போட்டுன்னு ஆன்லைன்ல வாங்கி பைக் பின்னாடி கட்டிட்டு வந்து ஞாயித்துக்கிழமை ஆத்துல எறக்குறாங்க, நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தன், வயசுதான் கொஞ்சம் ஜாஸ்தி. "ஆறு குளிக்கதுக்கும் வெவசாயத்துக்கும்தான், இதுல போட்டு எதுக்குவே"ன்னு கேக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஆனா பசங்க எறங்கத்தான் போறாங்க, தடுத்தாலும் எறங்குவாங்க. அதனால உள்ள என்ன கெடக்குங்கறது தெரிஞ்சாகணும்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்த யாரும் மறந்திருக்க மாட்டீங்க. அந்தத் தண்ணியில பனை, தென்னை, வாழ, வேலிக்கம்பி, தகரக் கூர, பைப்பு, என்னவெல்லாமோ வந்துச்சு. தண்ணி வடிஞ்சதும் ரோட்டுலயும் கரையிலயும் கெடந்தத அள்ளுனாங்க, கண்ணுக்குத் தெரிஞ்சது போச்சு. தண்ணிக்கு அடியில போய் செருகுனது இன்னும் அங்கனயேதான் கெடக்கு, அதுக்கப்புறம் வர்ற ஒவ்வொரு மழைக்கும் புதுசு வேற சேருது.

மெதக்குற கட்டைய நான் பெருசா சொல்ல மாட்டேன், கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போயிரலாம். தண்ணி குடிச்சு ஊறிப்போன மரம்தான் எமன். அடிப்பக்கம் கனத்து தரையில குத்திக்கும், இன்னொரு முனை தண்ணிக்கு ஒரு சாண் கீழ மேல்நோக்கி நிக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணுமே இல்ல, ரப்பர் போட் அது மேல ஏறுச்சுன்னா பொத்தல்தான். அதவிட மோசம் கரையோரமா வேரோட சாஞ்சு கெளையெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்குற உடைமரம். தண்ணி கெள வழியா வடிகட்டி போயிரும், போட்டும் ஆளும் போக முடியாது, ஒழுக்கு பின்னாடி இருந்து அழுத்திட்டே இருக்கும், அதுல மாட்டுனவன் நீச்சல்ல புலியா இருந்தாலும் வெளிய வர்றது கஷ்டம், இதுல முள்ளு வேற.

அப்புறம் அமலை, அதான் ஆகாயத்தாமரை. சாக்கடத் தண்ணி கலக்குற எடமெல்லாம் அமலைச்செடி மண்டுது, வெள்ளம் வந்தா பாய் பாயா பிஞ்சு வந்து பாலத்துத் தூண்லயும் அணைக்கட்டு மேல்பக்கமும் அடையுது. தூரத்துல இருந்து பச்சப்பசேல்னு அழகா இருக்கும், போட்டோ எடுக்க கிட்ட போவாங்க. துடுப்பு போட்டா நகராது, எறங்கி நீந்தலாம்னா வேர் கால சுத்தும், அது அடியில என்ன மரம் செருகி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மோட்டார் போட்டுக்கு இன்னொரு தொல்ல துணி. பாபநாசத்துல பரிகாரம்னு குளிச்சிட்டு உடுத்துன வேட்டி சேலைய ஆத்துலயே விட்டுட்டுப் போற பழக்கம் இன்னும் போகல, கல்லுல சிக்குனது போக மிச்சம் கீழ வருது, ஒரு சேல போட்டுக்கு அடியில இருக்க ஃபேன்ல சுத்துனா இன்ஜின் நின்னுரும், ஒழுக்குல இன்ஜின் நின்ன போட்டு எங்க போகும்னு சொல்ல வேண்டியதில்ல.

அது போற எடத்த, அணைக்கட்ட நெனச்சுத்தான் நான் பயப்படுறேன். அணைக்கட்டு மேல தண்ணி வழியும்போது மேல்பக்கத்துல இருந்து பாத்தா ஆறு நேரா போற மாதிரியேதான் இருக்கும், விளிம்பு தெரியாது, கிட்ட வந்தப்புறம்தான் சத்தமே கேக்கும். கீழ விழுற தண்ணி அடியில போய் திரும்பி மேல வந்து மறுபடியும் சுவத்தப் பாத்தே இழுக்கும், ஆள விடாது, கூட விழுந்த கட்டையும் அங்கனயே சுத்தி சுத்தி மண்டையில அடிக்கும். ஊர்க்காரங்க அந்தப் பக்கமே போக மாட்டாங்க. வெளியூர்ல இருந்து வர்றவனுக்கு யாரு சொல்லுவா? மேல்பக்கம் ஒரு முந்நூறு மீட்டருக்கு முன்னால ரெண்டு கரைக்கும் கயிறு கட்டி சிவப்பு மிதவை போட்டா போதும். இது பெரிய செலவா எனக்குத் தெரியல.

சித்தாறு வந்து சேர்ற சீவலப்பேரி பக்கம் வலை போடுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, அவரு வலை கிழியற எடத்துல எல்லாம் காலி எண்ணெய் கேன் கட்டி விட்டுருக்காரு, அடியில கட்டை இருக்குன்னு அர்த்தம். கேன் இல்லாத எடத்துல தண்ணியப் பாருலேன்னு சொல்லுவாரு, அம்பு முனை மாதிரி அலை ஓடுச்சுன்னா அந்த முனை ஒழுக்குக்கு எதிரா மேற்கப் பாத்து இருந்தா அடியில ஏதோ நிக்குது, முனை கெழக்கப் பாத்து இருந்தா நடுவுல போலாம், வழி இருக்கு. கலங்கல் தண்ணியா இருந்தா அவரே எறங்க மாட்டாரு. அவர மாதிரி ஒவ்வொரு ஊர்லயும் ரெண்டு பேர் இருப்பாங்க. அதிகாரிங்க அவங்கள ஒரு நாள் கூப்பிட்டு கூலி குடுத்து எங்கெங்க கட்டை கெடக்குன்னு கேட்டா மேப்பே போட்டுரலாம். நான் ஒரு ஆபீஸ்ல போய் இதச் சொன்னேன், இது எங்க செக்‌ஷன் இல்லன்னு பக்கத்து ரூமுக்கு அனுப்புனாங்க, பக்கத்து ரூம்ல நீர்வழியா, இங்க எது கப்பல்னு சிரிச்சாங்க. சரி.

உங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள் அண்ணாச்சி. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118-னு முழு உயரத்தோட அணை நீர்மட்டம் தினமும் போடுறீங்க, வெவசாயிங்க அதத்தான் மொதல்ல பாப்பாங்க. அதுக்குக் கீழயே இன்னைக்கு தண்ணி கூடத் திறக்காங்க, ஆத்துல எறங்க வேண்டாம்னு ஒரு வரி சேத்துப் போட்டா எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் உபயோகமா இருக்கும். மேல திறந்த தண்ணி டவுனுக்கு வந்து சேர பல மணி நேரம் ஆகும், காலையில எறங்கும்போது முழங்கால் தண்ணியா இருக்கும், மதியம் கரையில கெடந்த கட்டையெல்லாம் மெதந்து கூடவே வரும்.

கட்டைய எடுக்கறதுக்கு நேரம் காலம் இருக்கு. பிசான நெல்லு அறுத்து முடிச்சு ஆறு வத்தி மணல் தெரியறது ஏப்ரல், மே-லதான், அப்ப ஜேசிபிய நேரா எறக்கலாம், எது எங்க செருகியிருக்குன்னு வெறும் கண்ணுக்கே தெரியும், எடுக்க முடியாததுக்கு கம்பு நட்டு பெயின்ட் அடிக்கலாம். கார் நெல்லுக்கு ஜூன்ல தண்ணி திறந்துட்டாங்கன்னா எல்லாம் மறுபடி அடியில போயிரும், அப்புறம் அடுத்த வருஷம்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பாளையங்கோட்டை